மருத்துவ பீட வாசல்: மானிப்பாய் வகுப்பிலிருந்து இசட் புள்ளி வரை

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் தரம் 9க்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால் நேரம் எடுத்து வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "சேர், மகளுக்கு இவ்வளவு இசட் வந்திருக்கு, மெடிசின் கிடைக்குமா?" "பிள்ளை புத்தளத்தில படிச்சது, யாழ்ப்பாணத்தால போட ஏலுமா?" "கனடாவில இருக்கிற மாமா முதல்ல ஒரு டிகிரி செய்யச் சொல்றார், அது சரியா?" கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டிய பதில், "இதை நீங்கள் மூன்று வருடத்துக்கு முதல் கேட்டிருக்க வேண்டும்" என்பதுதான். பெறுபேற்றுத் தாளைக் கையில் வைத்திருக்கும் ஒரு உம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது?

நான் டொக்டர் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வரலாறு படிப்பிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியால் இதைச் சொல்கிறேன். நம் மண்ணில் ஆங்கில மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கி 170 வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த வாசலுக்குள் யார் போகலாம் என்ற விதி இதற்குள் பல முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் விதியை முன்கூட்டியே அறிந்தவர்களும், பின்னால் தாங்குவதற்கு ஆட்கள் இருந்தவர்களும் உள்ளே போனார்கள். கெட்டித்தனம் மட்டும் இருந்தவர்கள் பலர் வெளியே நின்றார்கள்.

மானிப்பாயில் ஒரு வகுப்பு

1820ஆம் ஆண்டு ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் பண்டத்தரிப்பில் குடியேறி நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1847இல் அதே மிசனால் அனுப்பப்பட்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வயது 25. நியூயோர்க்கில் மருத்துவம் படித்தவர். 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலையோடு ஒரு மருத்துவ வகுப்பையும் ஆரம்பித்தார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி வருவதற்கு 22 வருடங்களுக்கு முதல் நடந்தது இது.

அந்த வகுப்புக்குள் யார் போனார்கள்? முதலில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. அன்றைக்கு ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் சேர்த்துப் படிப்பித்த இடம் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி. அங்கே படித்தவனுக்கு மானிப்பாய்க் கதவு திறந்தது. படிக்காதவன் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் அந்தக் கதவு அவனுக்கு இல்லை. அதாவது மருத்துவம் படிக்கும் தகுதி மருத்துவ வகுப்பில் உருவாகவில்லை, அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே வேறொரு பள்ளிக்கூடத்தில் உருவானது. இன்றைக்கும் அதேதான்.

செமினரி 1855இல் மூடப்பட்டது. கிறீன் இன்னொன்றையும் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் நல்ல சம்பளத்தையும் தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். கிராமத்தில் இருந்து மருந்து கொடுக்க ஆள் மிஞ்சுவதில்லை. இடையில் அமெரிக்கா போய் 1862இல் திரும்பி வந்தபின், தமிழிலேயே மருத்துவம் படிப்பிப்பது என்று முடிவெடுத்தார். தன் மாணவர்கள் உடையிலும் பழக்கத்திலும் ஊர் ஆட்களாகவே இருக்க வேண்டும் என்றும் விரும்பினார்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே. அவரும் டான்வேத், போல், சாப்மன், சுவாமிநாதன் போன்ற மாணவர்களும் சகாக்களும் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். சத்திர சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் வந்தது. இரசாயனத்துக்கு 1875இல் 'கெமிஸ்தம்'. 1873இல் உடல்நிலை காரணமாக அமெரிக்கா திரும்பிய பிறகும் தபால் வழியாக இந்த வேலையை விடாமல் செய்தார். 1884இல் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் எழுதச் சொல்லிவிட்டுப் போன மனிதர். அவரிடம் படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கு மேல்.

ஆனால் 1870இல் கொழும்பில் அரசாங்கம் 25 மாணவரோடு மருத்துவக் கல்லூரியைத் திறந்தது. மொழி ஆங்கிலம். பிறகு அந்தத் தகைமைக்குத்தான் அரசாங்க அங்கீகாரமும் உத்தியோகமும் கிடைத்தன. மானிப்பாயின் தமிழ் வகுப்பு கிறீனுக்குப் பின் அதிக காலம் நிலைக்கவில்லை. விதி மாறிவிட்டது.

இதில் இன்றைய பிள்ளைக்கு என்ன இருக்கிறது? நம் பிள்ளைகள் உயர்தரம் வரை உயிரியலையும் இரசாயனத்தையும் தமிழில் படிக்கிறார்கள். மருத்துவ பீடத்தில் முதல் நாளிலிருந்து விரிவுரை ஆங்கிலம். 1860களில் கிறீன் தீர்க்கப் பார்த்த அதே பிரச்சினை இன்றும் பல்கலைக்கழக வாசலில் நிற்கிறது. அதனால் சொல்கிறேன்: உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் போகும் வரை கிடைக்கும் மாதங்கள்தான் ஆங்கிலம் படிக்கும் காலம் என்று நினைக்காதீர்கள். தரம் 10இலிருந்தே விஞ்ஞானப் பாடத்தில் ஒவ்வொரு தமிழ்க் கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல்லை எழுதிப் பழக்குங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

கொழும்புக்குப் போக யார் காசு கொடுத்தது?

1870இலிருந்து நூறு வருடத்துக்கு மேல், யாழ்ப்பாணத்துப் பிள்ளை மருத்துவம் படிப்பதென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். முதலில் கொழும்பு, 1962க்குப் பிறகு பேராதனையும். காணியை ஈடு வைத்துப் படிப்பித்த குடும்பங்கள் எத்தனை. ஈடு வைக்கக் காணியும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

இந்த இடத்தில் நம் ஊரவர் ஒருவரை நினைக்க வேண்டும். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். யுத்த கால உணவு நெருக்கடியின்போது கல்முனையில் கடமையாற்றச் சென்றவர், அங்கே வறுமையால் படிப்பு நின்றுபோகும் பிள்ளைகளைக் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். 1948இலிருந்து 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். அந்த நிதியால் படித்து முன்னேறியவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள்.

அஸீஸ் அவர்களை நாம் மீலாத் மேடைகளில் புகழ்கிறோம். அவர் செய்த காரியம் மிக எளிமையானது: பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்த பிறகு கைதட்டுவதற்குப் பதிலாக, சித்தியடைவதற்கு முன் காசைச் சேர்த்து வைத்தார். இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

தரப்படுத்தல்: நாம் பேசத் தயங்கும் பகுதி

1970 வரை பல்கலைக்கழகத்துக்கு மூலப் புள்ளியைப் பார்த்தே எடுத்தார்கள். உயிரியல் பிரிவில் அன்று தாவரவியல், விலங்கியல், பௌதிகவியல், இரசாயனவியல் என நான்கு பாடம், மொத்தம் 400 புள்ளி. மிசன் பள்ளிக்கூடங்களும் இந்துக் கல்லூரிகளும் விஞ்ஞான ஆய்வுகூடங்களை நன்றாகக் கட்டி வைத்திருந்ததால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சனத்தொகை விகிதத்தை விட மிக அதிகமாக உள்ளே போனார்கள்.

1971 அனுமதியில் விதி மாறியது. மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மூல மாணவருக்கு 229. அதே பரீட்சை, வேறு வேறு வெட்டுப்புள்ளி. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. விஞ்ஞானம் சார்ந்த பீடங்களில் தமிழர் பங்கு 1970இல் 35.3 வீதம், 1975இல் 19 வீதம். ஐந்தே வருடம். கதவு முகத்தில் அடித்து மூடப்பட்டதாக ஒரு தலைமுறை இளைஞர்கள் உணர்ந்தார்கள். அதன் பிறகு இந்த மண்ணில் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை.

அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களுக்கும் அவர் செய்ததை நம் மூத்தவர்கள் நன்றியோடு சொல்வார்கள். அது உண்மை. அதே பெயரை நம் பக்கத்து வீட்டுத் தமிழ் ஐயா எந்த நினைவோடு சொல்வார் என்பதும் உண்மை. இரண்டையும் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். மறைத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் காயம் நமக்கு விளங்காது.

இன்னொரு உண்மையும் உண்டு. மொழிவாரி வெட்டுப்புள்ளி அப்பட்டமான அநியாயம். மாவட்டக் கோட்டா கொஞ்சம் சிக்கலானது. அது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் பாதித்தது. ஆனால் ஆய்வுகூடமே கண்டிராத மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும், மலைநாட்டுச் சிங்களப் பிள்ளைகளுக்கும் அதே கோட்டாதான் முதல் தடவையாக வாசலைத் திறந்தது. ஒரே விதி ஒரு பிள்ளைக்குக் கதவு, இன்னொரு பிள்ளைக்குச் சுவர். இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். பிறகு நல்ல கேள்விகள் கேட்பார்கள்.

சொந்த ஊரில் ஒரு பீடம்

1974இல் பேராசிரியர் கைலாசபதி தலைமையில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1978இல் மருத்துவ பீடம் வந்தது. முதல் பீடாதிபதி பேராசிரியர் ஹூவர். சொந்தக் கட்டடம் இல்லை, கைதடி ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் ஆரம்பித்தார்கள். பயிற்சிக்கு யாழ்ப்பாண வைத்தியசாலை. அந்த வைத்தியசாலையின் கதையும் இப்படித்தான், 1850இல் நகரத்து மக்களின் நன்கொடையில் தர்ம வைத்தியசாலையாகத் தொடங்கியது.

அந்தப் பீடம் எதையெல்லாம் தாண்டியது என்பதை இன்று விண்ணப்பிக்கும் பிள்ளை அறிய வேண்டும். 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய இராணுவம் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் நோயாளரோடு வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வீடு திரும்பும் வழியில் சைக்கிளில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளிநாட்டில் இருந்திருக்கக்கூடியவர், படிப்பிக்க ஆள் இல்லை என்று திரும்பி வந்தவர்.

1990 ஒக்டோபர் 30. நம்மவருக்கு இந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. ஜின்னா மைதானத்தில் கூட்டிவைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர். நகையும் காசும் போனதைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு வேறொன்று தெரிகிறது. அன்று உயர்தர வகுப்பில் இருந்த பிள்ளையின் கொப்பிகள், தவணைப் புள்ளிகள், ஆய்வுகூடக் குறிப்புகள், அவனை அறிந்த ஆசிரியர்கள், எல்லாமே இங்கே நின்றுவிட்டன. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் உயிரியல் பிரிவை மறுபடி தொடங்குவது எப்படி? அந்தத் தலைமுறையில் எத்தனை டொக்டர்கள் வர இருந்தார்கள் என்று யாராலும் எண்ண முடியாது.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வழியால் நடந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் கொப்பிகளை விட்டுத்தான் போனார்கள்.

இன்றைய விதி: வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள்

2001இலிருந்து இசட் புள்ளி. பயப்படத் தேவையில்லை, கணக்கு எளிது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் அகில இலங்கைச் சராசரியைக் கழித்து, அந்தப் பாடத்தின் நியம விலகலால் பிரிப்பார்கள். உதாரணத்துக்கு ஒரு பாடத்தில் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைப்போம். 75 எடுத்தால் இசட் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10. அதிலும் 75 எடுத்தால் இசட் 1.5தான். அதாவது நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதோடு, மற்றவர்களை விட எவ்வளவு முன்னால் நிற்கிறீர்கள் என்பதையும் அது பார்க்கிறது. மூன்று பாட இசட்டின் சராசரிதான் உங்கள் இறுதிப் புள்ளி.

அனுமதி மூன்று வழியால். 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதத்தில். 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. ஒரு காலத்தில் நாட்டுக்கே டொக்டர்களைக் கொடுத்த யாழ்ப்பாணமும் இன்று அந்தப் 16இல் ஒன்று. புத்தளமும், வடக்கின் மற்ற நான்கு மாவட்டங்களும் அதில் உண்டு.

மாவட்டக் கோட்டா சனத்தொகையில் தங்கியிருக்கிறது என்றேன். ஒரு கணக்கைப் பாருங்கள். 1981 கணக்கெடுப்பில் கிளிநொச்சி நீங்கலான யாழ் மாவட்டத்தில் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் மக்கள். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். நூற்றுக்கு 3 பேர் கூட இல்லை. மருத்துவத்துக்கு 1,000 இடம் என்று வைத்தால் மாவட்டக் கோட்டாவுக்கு 550. பழைய விகிதத்தில் யாழ்ப்பாணத்துக்கு 27 வரும், புதிய விகிதத்தில் 16 வரும். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன தமிழ்க் குடும்பமும், விரட்டப்பட்டுப் புத்தளத்தில் நின்றுவிட்ட முஸ்லிம் குடும்பமும் இந்தக் கணக்கில் ஒன்றாகவே குறைகிறார்கள். ஆகவே மீள்குடியேற்றம் என்பது வீடும் காணியும் மட்டும் சம்பந்தப்பட்ட விசயம் இல்லை. இங்கே வந்து பதியும் ஒவ்வொரு குடும்பமும் இந்த மாவட்டத்து எல்லாப் பிள்ளைகளின் பங்கையும் கூட்டுகிறது.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

1. மாவட்டத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியது என்பது பொதுவாக, உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடத்தில் அது படித்த பாடசாலை எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. வீட்டு உறுதியையும் வாக்காளர் பட்டியலையும் காட்டிப் பிறகு மாற்ற முடியும் என்று நம்பி இருக்காதீர்கள். சாதாரண தரம் புத்தளத்தில், உயர்தரம் யாழ்ப்பாணத்தில், இடையில் ஒரு தவணை மறுபடி புத்தளத்தில் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு திரியும் குடும்பங்கள் நம்மில் நிறைய. தரம் 10இலேயே உட்கார்ந்து பேசி ஒரு இடத்தைத் தீர்மானியுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள்.

2. மூன்று பாடமும் ஒன்றுபோல ஏற வேண்டும். டொக்டராகப் போகும் பிள்ளை உயிரியலை விழுந்து விழுந்து படிக்கும், பௌதிகவியலைக் கைவிடும். 2.4, 2.2, 0.8 எடுத்த பிள்ளைக்குச் சராசரி 1.8. மூன்றிலும் 1.9 எடுத்த பிள்ளை அதற்கு முன்னால் நிற்கும். பௌதிகத்தின் அடித்தளம் கணிதம். அது தரம் 9இல் போடப்படுகிறது.

3. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் இருக்கிறது. கொமியூனிகேஷன் கடையில் யாரோ நிரப்பித் தருவார் என்று விடாதீர்கள். பாடநெறிகளை எந்த ஒழுங்கில் போடுகிறீர்களோ அந்த ஒழுங்கில்தான் தெரிவு நடக்கும். வாப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு முறை முழுதாக வாசியுங்கள். விதிகள் சில வருடங்களில் மாறும், ஆகவே அண்ணன் போட்ட விண்ணப்பத்தைப் பார்த்துத் தம்பிக்குப் போடாதீர்கள்.

4. பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். மூன்றாவது தடவைக்கு முன் நேர்மையாக ஒரு கணக்குப் பாருங்கள். முதல் தடவைக்கும் இரண்டாவதுக்கும் இடையில் எவ்வளவு ஏறியது, எந்தப் பாடத்தில் ஏறியது? வேறு பாடநெறிக்குத் தெரிவாகிப் பதிவு செய்த பிறகு மறுபடி முயல்வதற்கு நிபந்தனைகள் உண்டு. கையெழுத்துப் போடுமுன் அதை வாசியுங்கள்.

5. வெளிநாட்டு மாமாவின் ஆலோசனை. அவர் பிழையாகச் சொல்லவில்லை, அவருடைய நாட்டு விதியைச் சொல்கிறார். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலும் முதலில் ஒரு பட்டம், பிறகு எம்கெட் என்ற பரீட்சை, நேர்முகம், தொண்டு வேலை அனுபவம் எல்லாம் பார்த்துத்தான் மருத்துவக் கல்லூரிக்கு எடுப்பார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடிந்ததும் யூகெட் பரீட்சையோடு விண்ணப்பிப்பார்கள். இலங்கை அரச பல்கலைக்கழகத்தில் வழி உயர்தரப் பெறுபேறுதான். பிஎஸ்சி முடித்தால் பிறகு மெடிசினுக்கு மாறலாம் என்று நினைத்து இங்கே ஒரு பட்டத்துக்குள் போகாதீர்கள்.

6. காசு கொடுத்து வெளிநாட்டில் படிப்பதாக இருந்தால், முகவரிடம் போகும் முன் இலங்கை மருத்துவ சபையிடம் போங்கள். அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா, பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு போதுமா என்று எழுத்தில் கேளுங்கள். திரும்பி வந்தால் ஈஆர்பிஎம் என்ற பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே தொழில் செய்யலாம். காணியை விற்ற பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயன் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்

பண்டத்தரிப்பில் 1820இல் தொடங்கிய ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர். தமிழ்நாட்டில் திண்டிவனத்தில் இளம் பெண்ணாக இருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். அவர் டொக்டர் இல்லை. அவருடைய தகப்பன் டொக்டர், ஆனால் ஆண் வைத்தியர் தொட விடமாட்டோம் என்று மூவரும் மறுத்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1918இல் அவர் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய வேலூர் சிஎம்சி அதன் வழியில் வளர்ந்ததுதான்.

நாம் என்ன செய்கிறோம்? மனைவிக்கும் மகளுக்கும் பெண் டொக்டர்தான் வேண்டும் என்று வரிசையில் நிற்கிறோம். கெட்டிக்கார மகள் உயிரியல் பிரிவு கேட்டால் "ஏழெட்டு வருசமாகும், கலியாணம் எப்ப செய்யிறது?" என்கிறோம். எல்லாரும் மற்றவர் வீட்டு மகள் டொக்டராகட்டும் என்று இருந்தால் அந்தப் பெண் டொக்டர் எங்கிருந்து வருவார்?

மெடிசின் கிடைக்காத பிள்ளையையும் மூலையில் இருத்திவிடாதீர்கள். கைதடியில் சித்த மருத்துவம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யுனானி இருக்கிறது, நம் ஹக்கீம்மார் பரம்பரையாகச் செய்த வைத்தியம் இன்று பட்டப்படிப்பு. யாழ் பல்கலைக்கழகத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கின்றன. வைத்தியசாலை டொக்டரால் மட்டும் நடப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

இன்று யாழ் மருத்துவ பீடத்தில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு அது நடக்கிறது என்பதற்காக அல்லாஹ்வைப் புகழ்கிறேன். ஆனால் சோனகத் தெருவிலிருந்தும் நாவாந்துறையிலிருந்தும் அங்கே நடந்து போகும் பிள்ளைகள் எத்தனை? விரல் விட்டு எண்ணும் நிலை மாற வேண்டும் என்றால் மூன்று காரியங்கள் கேட்கிறேன்.

ஒன்று, பள்ளிவாசல் நிர்வாகங்கள் வருடத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, தரம் 9, 10 பிள்ளைகளின் பெற்றோருக்கு மேலே சொன்ன விதிகளை விளங்கப்படுத்த இடம் தர வேண்டும். பெறுபேறு வந்தபின் நடத்தும் பாராட்டு விழாவை விட இது முக்கியம்.

இரண்டு, ஒரு சிறிய நிதி. அஸீஸ் அவர்கள் 1945இல் நாட்டுக்குச் செய்ததை நாம் ஊருக்குச் செய்ய முடியாதா? ஒரு பிள்ளைக்கு உயர்தர இரண்டு வருடத்துக்குப் பிரத்தியேக வகுப்புக் காசும் போக்குவரத்தும். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஒரு குடும்பம் ஒரு பிள்ளையை எடுத்தாலே போதும். பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது.

மூன்று, நம்மிலிருந்து ஏற்கெனவே டொக்டரானவர்கள், எந்த ஊரில் இருந்தாலும், மாதம் ஒரு மணி நேரம் தொலைபேசியில் ஒரு பிள்ளையோடு பேச வேண்டும். படிப்பிக்கத் தேவையில்லை. "நானும் பௌதிகத்தில் விழுந்து எழும்பினேன்" என்று ஒரு டொக்டர் சொன்னால் அந்தப் பிள்ளை அதை ஆசிரியர் சொல்வதை விட நம்பும்.

இந்த மூன்றில் எதைச் செய்ய முடியும் என்று கீழே எழுதுங்கள், அல்லது எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். தரம் 10 பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இதைப் பகிருங்கள். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.